அஞ்சு கலை போர்டு வெச்சிருக்கிற மாஸ்டர்கிட்ட சேரலாமா? (பாக்ஸிங், கராத்தே, சிலம்பம், முவாய் தாய்…)

பெரம்பூர்க்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். வயசு 27, ஓ.எம்.ஆர்.ல ஐ.டி. வேலை, நாள் முழுக்க நாற்காலி. ஸ்கூல்ல கராத்தே பிரவுன் பெல்ட் வரைக்கும் போனேன், பத்தாவது பரீட்சைன்னு வீட்ல நிறுத்திட்டாங்க. இப்ப திரும்ப ஆரம்பிக்கணும்.

வீட்டுக்குப் பக்கத்துல ஒருத்தர் மொட்டை மாடியில சொல்லித் தர்றார். அறுபது தாண்டியவர், ஸ்கிப்பிங் ஆடும்போது பார்த்தா நமக்கு வெக்கமா இருக்கும். போர்டுல பாக்ஸிங், கராத்தே, சிலம்பம், முவாய் தாய் (தாய்லாந்து சண்டைக் கலை), எஸ்கிரிமா (பிலிப்பைன்ஸ் குச்சிச் சண்டை)ன்னு வரிசையா எழுதியிருக்கு. கேட்டா, "முதல்ல பாக்ஸிங், மத்ததெல்லாம் ஒவ்வொண்ணா பின்னாடி வந்துது தம்பி"ங்கிறார். என் பழைய கராத்தே சீனியர் இதைக் கேட்டுட்டு சிரிக்கிறார்.

நிஜமாவே ஒரே ஆள் இத்தனையும் உருப்படியா கத்துக்க முடியுமா? சேர்ந்தா நான் எதுல ஆரம்பிக்கணும்?

ஓஸ்:
உங்க சீனியர் சிரிச்சது சரிதான். இட்லியில இருந்து ஷவர்மா வரைக்கும் போர்டுல போட்டிருக்கிற ஓட்டல்ல இட்லி எப்படி இருக்கும்? கராத்தே பிறந்த ஒக்கினாவால ஒரு காதாவுக்கு (தனியா பண்ற அசைவு வரிசை) மூணு வருஷம்னு ஒரு பேச்சு உண்டு. நான் இன்னும் என் பிளாக் பெல்ட் காதாவையே திருத்திக்கிட்டிருக்கேன். அஞ்சு கலைக்கு மனுஷனுக்கு ஏது ஆயுசு? பழைய டோஜோவுக்கே (கராத்தே பயிற்சிக்கூடம்) போங்க, விட்ட இடத்துல இருந்து பிடிக்கலாம்.

சும்மா வந்தேன்:
எங்க ஏரியாவுல ஒரு காலத்துல பேருக்கு முன்னாடி "கராத்தே" போட்டவங்கதான் கவுன்சிலர் சீட்டே கேட்பாங்க. அந்த கராத்தேக்கெல்லாம் எத்தனை வருஷம் ஆச்சுன்னு யாரும் கேட்டதில்லை சார்.

பழைய கிளவுஸ்:
தம்பி பெரம்பூர், நீங்க சொல்ற மாஸ்டர் நான் இல்லை. ஆனா நானும் அதே ரகம், அதனால பதில் சொல்றேன். நீளமாத்தான் இருக்கும்.

நான் ராயபுரம். எழுபதுகள்ல எங்க பக்கம் பாக்ஸிங்னா அது விளையாட்டுங்கிறதைவிட குடும்ப விவகாரம். சார்பட்டா, இடியப்ப நாயக்கர், எல்லப்ப செட்டியார்னு பரம்பரைங்க. எந்தப் பரம்பரைன்னு கேட்டுட்டுதான் டீயே குடுப்பாங்க. துறைமுகத்துல மூட்டை தூக்குறவங்க, மீன் பிடிக்கிறவங்க, மில்லுக்குப் போறவங்க, சாயங்காலம் ஆனா கையில துணி சுத்திக்கிட்டு நிப்பாங்க. வாத்தியார் எனக்கு மாசக்கணக்கா ஜாப் (முன்கையால போடுற நேர்க்குத்து) மட்டும்தான் குடுத்தார். இடது கை போகணும், போன வழியே தாடைக்குத் திரும்பணும். திரும்பி வர்ற கை கொஞ்சம் இறங்கினா உள்ளங்கையால கன்னத்துல ஒண்ணு விழும். அதுதான் பாடம், வேற விளக்கம் கிடையாது.

அப்புறம் புரூஸ் லீ அலை. அவர் 1973 ஜூலைல செத்துட்டார், மெட்ராஸ்ல அவர் பேர் பெருசானது அதுக்கப்புறம்தான். தெருவுக்குத் தெரு கராத்தே கிளாஸ். நானும் சேர்ந்தேன். முதல் நாளே தகராறு: ஒரு கை குத்தும்போது இன்னொரு கையை இடுப்புக்கு இழுன்னு மாஸ்டர் சொல்றார். எங்க வாத்தியார் பார்த்திருந்தா அந்த இடத்துலயே அடி விழுந்திருக்கும். இடுப்புல கை இருந்தா முகத்துக்கு யார் காவல்?

பதில் ரொம்ப நாள் கழிச்சுத்தான் கிடைச்சுது, அதுவும் ஜூடோ தெரிஞ்ச ஒருத்தர்கூட மல்லுக்கட்டும்போது. இடுப்புக்கு வர்ற கை வெறும் கை இல்லை. எதிராளி மணிக்கட்டையோ சட்டையையோ பிடிச்சு இழுத்துக்கிட்டு வர்ற கை. அவனை இழுத்துக்கிட்டே குத்துற குத்து அது. ஒக்கினாவால கராத்தேயை இஸ்கூலுக்குள்ள கொண்டு போய் பிள்ளைங்களை வரிசையா நிக்க வெச்சாங்க. ஃபுனகோஷிங்கிற மாஸ்டர் 1922ல டோக்கியோவுக்குக் கொண்டு போனார், அங்கேயும் காலேஜ் பசங்க வரிசை. வரிசையில நிக்கும்போது பிடிக்கிறதுக்கு ஆள் கிடையாது, கை மட்டும் இடுப்புல நின்னு போச்சு. இது என் அபிப்பிராயம், ஓஸ் தம்பிக்கு வேற அபிப்பிராயம் இருக்கும்.

ரெண்டையும் நான் கலக்கலை. கிளவுஸ் போட்டா வாத்தியார் சொன்னது, கை பிடிபட்டா மாஸ்டர் சொன்னது. எதிராளி எவ்வளவு தூரத்துல நிக்கிறான்னு பார்த்துத்தான் அதை முடிவு பண்ணணும். மத்த கலைங்களைப் பத்தி அப்புறம் எழுதறேன், பேத்தியை டியூஷன்ல இருந்து கூட்டிட்டு வரணும்.

மூர் மார்க்கெட்:
ராயபுரத்தார் எழுதினதைப் படிச்சதும் ஒரு விஷயம். 1980ல முகமது அலி நம்ம நேரு ஸ்டேடியத்துல ஆடினார், ஞாபகம் இருக்கா? ஜிம்மி எல்லிஸ்கூட காட்சிப் போட்டி. எல்லிஸும் சாதாரண ஆள் இல்லை, முன்னாள் ஹெவிவெயிட் சாம்பியன், அலிக்கு சொந்த ஊர் சிநேகிதர். எம்.ஜி.ஆர். வந்திருந்தார். இன்னிக்கு ஒரு கிரிக்கெட் பிளேயர் ஏர்போர்ட்ல இறங்கினாலே டிராஃபிக் நிக்குது, அன்னிக்கு அலி வந்தப்போ ஊரே எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

ஓஸ்:
பழைய கிளவுஸ் அண்ணே, இடுப்புக் கை விஷயத்துல உங்களோட பெரிய சண்டை இல்லை. ஆனா "நின்னு போச்சு"ன்னு முடிச்சிட்டீங்க. போட்டி குமிதேயில (நேருக்கு நேர் மோதுறது) யாரும் கையை இடுப்புல வெச்சுக்கிட்டு நிக்கிறதில்லை. ரெண்டடி தள்ளி குதிச்சுக்கிட்டே இருந்து, ஒரே பாய்ச்சல்ல உள்ள போய் கியாகு சுகி (பின்கைக் குத்து) போட்டு வெளிய வர்றோம். அந்தத் தூரத்தை ஒரே எட்டுல கடக்கிறது எந்த பாக்ஸருக்கும் வராது. எங்க கிளாஸுக்கு வந்த பாக்ஸிங் பசங்க எல்லாம் முதல் வாரம் இதுலதான் மாட்டினாங்க.

பழைய கிளவுஸ்:
மாட்டுவாங்க தம்பி. ஏன்னா பாக்ஸர் கண்ணு ஜாப் எட்டுற தூரத்துக்குப் பழகினது. அதுக்கு வெளிய இருக்கிறவனை "இன்னும் வரலை"ன்னு நினைச்சுடுவான். அதே பசங்க ரெண்டாவது வாரம் உங்க பாய்ச்சல் முடிஞ்ச இடத்துலயே நின்னு ஹூக் (பக்கவாட்டுல வளைச்சுப் போடுற குத்து) போட்டிருப்பாங்களே, அதையும் சொல்லுங்க. உங்க ரூல்ல பாயிண்ட் விழுந்ததும் நடுவர் நிறுத்திடுவார், பாக்ஸிங்ல யாரும் நிறுத்த மாட்டாங்க.

ஓஸ்:
சொன்னா சிரிப்பீங்க. ஒரு பையன் போட்டான். என் விலா ஒரு வாரம் வலிச்சுது.

காலடி:
சிலம்பம் சொல்லித் தருகிறவள் என்ற முறையில் நானும் எழுதுகிறேன். பெசன்ட் நகர் பக்கம் காலையில் வகுப்பு நடத்துகிறேன்.

சிலம்பம் என்றதும் எல்லோருக்கும் கம்பு சுற்றுவதுதான் தெரிகிறது. மேடையில் சுற்றுவது அலங்காரச் சிலம்பம். எதிரில் ஆள் நிற்பது போர்ச் சிலம்பம். முந்தையதை மட்டும் கற்றவர்கள் கம்பை வெகு அழகாகச் சுற்றுவார்கள், எதிரில் ஒருவர் ஒரு குத்து வைத்தால் கம்பு கையை விட்டுப் போய்விடும். பழைய போட்டிகளில் கம்பின் நுனியில் ஒட்டும் பொடி தடவி, உடம்பில் எங்கே பொட்டு விழுந்தது என்று எண்ணுவார்கள். அடிக்கும் பலத்தைவிடத் தொடும் சாமர்த்தியத்துக்குத்தான் அங்கே மதிப்பு.

என்னிடம் வருபவர்களுக்கு முதலில் கம்பு கிடையாது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு காலடி மட்டும். பிறகு குத்துவரிசை, அது வெறுங்கை. அதற்குப் பிறகுதான் அவரவர் நெற்றி உயரத்துக்குப் பிரம்பு. இப்படிச் சொன்னதும் பாதிப் பேர் மறுநாள் வருவதில்லை. தமிழ்நாடு அரசு 3 சதவீத விளையாட்டு இடஒதுக்கீட்டில் சிலம்பத்தைச் சேர்த்தது, 2024 ஜனவரியில் நம் மாநிலத்தில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் போட்டியில் அது காட்சி விளையாட்டாக வந்தது. நல்லதுதான். ஆனால் இப்போது பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி "சான்றிதழ் எப்போது கிடைக்கும்?" என்பதாகிவிட்டது.

பழைய கிளவுஸ் ஐயாவிடம் ஒரு கேள்வி. பாக்ஸிங் பழகியவர்கள் என்னிடம் வந்தால் முன்காலில் எடையைப் போட்டு நிற்கிறார்கள். கம்புக்கு அந்தக் கால்தான் முதல் இலக்கு, கணுக்காலில் ஒரு தட்டு போதும். அதை மாற்ற நான் படும் பாடு பெரும் பாடு. நீங்கள் எப்படி மாற்றிக்கொண்டீர்கள்?

தமிழன்டா 365:
எதுக்கு இத்தனை விவாதம்? கராத்தே, குங்ஃபூ, முவாய் தாய் எல்லாமே இங்க இருந்து போனதுதான். காஞ்சிபுரத்து இளவரசர் போதிதர்மர் சீனாவுக்குப் போய் ஷாவொலின் மடாலயத்துல சொல்லிக் குடுத்தார். மூலம் நம்மகிட்ட இருக்கும்போது கிளையைப் பிடிச்சுக்கிட்டு ஏன் தொங்கணும்?

பழம்புத்தகம்:
தமிழன்டா, கோவிக்காம கேளுங்க. 547 வாக்குல எழுதின லுவோயாங் மடாலயக் குறிப்புதான் போதிதர்மரைப் பத்திக் கிடைக்கிற ரொம்பப் பழைய பதிவு. அது அவரைப் பாரசீகர்னு சொல்லுது. தான்லின் எழுதின இன்னொரு பழைய குறிப்பு, தென்னிந்திய அரசர் ஒருத்தரோட மூணாவது மகன்னு சொல்லுது. ரெண்டுலயும் காஞ்சிபுரம் கிடையாது, குத்தும் உதையும் கிடையாது. அவரை ஷாவொலின் சண்டைக் கலையோட முடிச்சுப் போட்டது 1624ஐச் சேர்ந்த ஒரு தசைப்பயிற்சி நூல். அதாவது ஆயிரம் வருஷத்துக்கு மேல கழிச்சு. அதோட முன்னுரைகளே போலின்னு சீன ஆய்வாளர்கள் எப்பவோ சொல்லிட்டாங்க.

தியானம் போனது ஒரு கதை, கம்பு போனது வேற கதை. நம்ம கம்பு நம்மளுதுன்னு சொல்றதுக்கு போதிதர்மர் சாட்சி தேவையில்லையே. கன்னியாகுமரிப் பக்கம் அடிமுறை ஆசான்கள் இருக்காங்க, வர்மம் தெரிஞ்ச குடும்பங்கள் இருக்கு, போய்ப் பாருங்க.

தமிழன்டா 365:
சீனாக்காரன் எழுதினதை வெச்சு நம்ம வரலாற்றை முடிவு பண்றதா? நல்லா இருக்கு.

மட்டுறுத்துநர்:
இதுக்குத் தனி இழை ஏற்கெனவே ரெண்டு ஓடுது. போதிதர்மர் பேச்சை அங்க கொண்டு போங்க. இங்க பெரம்பூர்க்காரன் கேட்டதுக்குப் பதில் மட்டும்.

பழைய கிளவுஸ்:
காலடி அம்மா கேட்டது சரியான கேள்வி. எனக்கு முன்கால் பாடம் கம்புல கிடைக்கலை, பாங்காக்ல கிடைச்சுது. ஒரு சினேகிதர் அங்க வேலையில இருந்தார், அவர் வீட்ல தங்கி ஒரு முவாய் தாய் கேம்ப்ல சேர்ந்தேன். காலையில ஓட்டம், அப்புறம் பயிற்சி, மத்தியானம் தூக்கம், சாயங்காலம் மறுபடி பயிற்சி. பதினஞ்சு வயசுப் பசங்ககூட. அவங்களுக்கு அது பிழைப்பு, எனக்கு ஆசை. அந்த வித்தியாசம் முதல் நாளே தெரிஞ்சுபோச்சு.

நான் பாக்ஸிங் நிலையில நின்னேன். முன்கால் தொடையில ஒரு உதை, அவ்வளவுதான், உட்கார்ந்துட்டேன். தாய்க்காரங்க ஏன் நிமிர்ந்து, முன்காலைத் தரையில பட்டும் படாம வெச்சு நிக்கிறாங்கன்னு அப்பத்தான் தெரிஞ்சுது. அந்தக் காலைத் தூக்கி முழங்காலுக்குக் கீழ இருக்கிற முன்னெலும்பால உதையை வாங்கணும். எடை முழுக்க அதுல இருந்தா தூக்க முடியாது. அடுத்தது இன்னும் மோசம். குத்துக்கு நான் பழக்கத்துல தலையைத் தாழ்த்தி வளைச்சேன், பாக்ஸிங்ல அது அழகு. அங்க முழங்கால் காத்துக்கிட்டு நிக்குது. நல்லவேளை, எதிர்ல நின்ன பையன் மூக்குக்கு முன்னாடியே நிறுத்திட்டான்.

ஊருக்குத் திரும்பி கம்பு எடுத்தப்போ ஆசான் எதுவும் சொல்ற முன்னாடியே முன்கால் லேசா இருந்துது. அவர் "யார்கிட்ட அடி வாங்கினே?"ன்னுதான் கேட்டார். அதனால உங்க பாக்ஸிங் பசங்களுக்குக் காலைப் பத்தி சொல்லிக்கிட்டே இருக்காதீங்கம்மா, ஸ்பாஞ்ச் சுத்தின கம்பால முன்காலை மட்டும் தட்டுற விளையாட்டு ஒண்ணு வைங்க. தானா மாறும்.

அதுக்காக பாக்ஸிங் மட்டம்னு ஆயிடாது. தாய்லாந்து வரலாறே உதாரணம். சென்சாக் முவாங்சுரின் முவாய் தாய்ல இருந்து பாக்ஸிங்குக்கு வந்து, தன்னோட மூணாவது தொழில்முறைச் சண்டையிலயே 1975ல உலகப் பட்டம் வாங்கினார். சமார்ட் பயகரூன் பாங்காக் லும்பினி ஸ்டேடியத்துல முவாய் தாய்ல நாலு எடைப் பிரிவுல பட்டம் வாங்கிட்டு 1986ல டபிள்யூ.பி.சி. (உலக பாக்ஸிங் கவுன்சில்) பட்டத்தையும் எடுத்தார். 1996 அட்லாண்டாவுல தாய்லாந்துக்கு முதல் ஒலிம்பிக் தங்கம் வாங்கிக் குடுத்த சோம்ராக் கம்சிங்கும் முவாய் தாய்ல வளர்ந்தவர்தான். புரூஸ் லீயே 1958ல ஹாங்காங்ல பள்ளிகளுக்கு இடையிலான பாக்ஸிங் போட்டியில ஜெயிச்சவர். இப்மான்கிட்ட விங் சுன்ங்கிற குங்ஃபூ படிச்சுக்கிட்டிருந்த காலம் அது. அதனால "ஒண்ணுல மட்டும் நில்லு"ங்கிறதை நான் ஒத்துக்க மாட்டேன்.

ஆனா இவங்க எல்லாருமே ஒண்ணை ஊறப்போட்டுட்டு அடுத்ததுக்குப் போனவங்க. ஒரே நேரத்துல அஞ்சு கத்துக்கிட்டவங்க யாரும் இந்த வரிசையில இல்லை.

எஸ்கிரிமா கடைசியா வந்து சேர்ந்துது. ஏறத்தாழ 28 அங்குலக் குச்சி, பிலிப்பைன்ஸ். அதுல எனக்குப் பிடிச்சது, அவங்க எதிராளி தலையைத் தேடிப் போறதில்லை, ஆயுதம் பிடிச்சிருக்கிற கையைத்தான் அடிக்கிறாங்க. குச்சியைக் கீழே வெச்சுட்டு அதே அசைவை வெறுங்கையில பண்ணா குத்துறவன் முழங்கைக்கு உள்பக்கம் நம்ம கைமுட்டி விழும். 1923லயே பாஞ்சோ வில்லாங்கிற பிலிப்பைன்ஸ்காரர் ஃபிளைவெயிட் உலகச் சாம்பியன் ஆனவர். அந்த ஊர்ல குச்சியும் கிளவுஸும் ஒரே தெருவுல வளர்ந்துது.

மூர் மார்க்கெட்:
அமெரிக்காவுல 1993ல முதல் யு.எஃப்.சி. (பல கலைக்காரங்க ஒருத்தரோட ஒருத்தர் மோதுற போட்டி) நடந்தப்போ ஆர்ட் ஜிம்மர்சன்னு ஒரு பாக்ஸர் ஒரு கையில மட்டும் கிளவுஸ் போட்டுக்கிட்டு வந்தார். ஜூஜிட்ஸுக்காரர் ராய்ஸ் கிரேசி அவரைக் கீழே தள்ளி மேல உட்கார்ந்ததும், தோத்துட்டேன்னு ஜிம்மர்சன் தட்டிட்டார். குத்து ஒண்ணும் பெருசா படவே இல்லை. கீழே விழுந்தா என்ன பண்றதுன்னு தெரியலைன்னா, மேல தெரிஞ்சது எதுவும் உதவாது. பழைய கிளவுஸ் அண்ணன் லிஸ்ட்ல மல்யுத்தம் இல்லையே?

பழைய கிளவுஸ்:
இல்லைதான். ஜூடோ கொஞ்சம் தொட்டிருக்கேன், கத்துக்குடுக்கிற அளவுக்கு இல்லை. அதான் என் போர்டுல அது கிடையாது. தரைச் சண்டை வேணும்னு கேக்கிற பசங்களை வேற இடத்துக்கு அனுப்பிடுவேன்.

எலும்பு வைத்தியர்:
ஆர்த்தோ மருத்துவர். கீழ்ப்பாக்கம் பக்கம் பார்க்கிறேன். யாரும் பேசாததை நான் பேசறேன்.

என்கிட்ட வர்ற குத்துச்சண்டைக் காயத்துல பெரும்பாலானது ரிங்குல பட்டதே இல்லை, சுவத்துலயும் பைக் டேங்க்லயும் கோபத்துல குத்தினது. சுண்டுவிரலுக்குக் கீழே உள்ளங்கை எலும்போட கழுத்துல முறியும். பாக்ஸர்ஸ் ஃபிராக்சர்னு பேரே அப்படித்தான், ஆனா முறையா பழகின பாக்ஸருக்கு அது அவ்வளவு வராது. ஆள்காட்டி, நடுவிரல் முட்டிகள்ல பதியற மாதிரி குத்தத் தெரிஞ்சவங்க அவங்க. பெரம்பூர்க்காரன், யார்கிட்ட வேணும்னா போங்க, முதல் மாசம் மணிக்கட்டு வளையாம குத்தக் கத்துக்குடுக்கிறாரான்னு பாருங்க.

அடுத்தது தலை. அடி வாங்கி வாங்கி மூளை கெடுறதை மார்ட்லாண்ட்னு ஒரு அமெரிக்க மருத்துவர் 1928லயே எழுதினார். ஹெட்கார்டு போட்டா சரியாயிடும்னு பல பேர் நம்பறாங்க. அது வெட்டுக்காயத்தைக் குறைக்கும், உள்ள மூளை குலுங்குறதை அது நிறுத்தும்னு நம்பிடாதீங்க. ஆண்கள் அமெச்சூர் பாக்ஸிங்ல 2013ல இருந்து ஹெட்கார்டையே எடுத்துட்டாங்க, 2016 ரியோ ஒலிம்பிக்லயும் இல்லை. ஸ்பாரிங்ல (பயிற்சிச் சண்டை) அடி பட்டு தலை சுத்தினா, வாந்தி வந்தா, வெளிச்சம் கூசினா அன்னிக்கு மட்டும் இல்லை, டாக்டர் சொல்ற வரைக்கும் ரிங்கு பக்கம் போகக்கூடாது. முதல் அடி ஆறுறதுக்குள்ள ரெண்டாவது விழுந்தா உயிருக்கே ஆபத்து. வாரா வாரம் முழு வேகத்துல தலையில அடிச்சுக்க விடுற இடம் எதுவா இருந்தாலும், எத்தனை பதக்கம் மாட்டியிருந்தாலும், நான் என் பையனை அனுப்ப மாட்டேன்.

ரெண்டு பொண்ணுங்க அம்மா:
டாக்டர் எழுதினதைப் படிச்சு பயம் வந்துடுச்சு. பெரியவளுக்கு ஒன்பது வயசு. ஸ்கூல்ல ஒரு தற்காப்பு முகாம் வெச்சாங்க, கோடை லீவுல சில வாரம். முடிச்சதும் சர்டிஃபிகேட் குடுத்து "இனி யாரும் கிட்ட வர முடியாது"ன்னு சொல்லி அனுப்பினாங்க. அவளும் அப்படியே நம்பறா. தொடர்ந்து அனுப்பணும்னா எதுக்கு அனுப்பலாம்?

காலடி:
அம்மா, அப்படிச் சொல்லி அனுப்பியதுதான் தவறு. சில வாரப் பயிற்சியில் கத்தவும், கையை உதறிவிட்டு ஓடவும், யாரிடம் போய்ச் சொல்வது என்பதையும் கற்றுக்கொடுக்கலாம். அதுவே பெரிது. வளர்ந்த ஆளை அடித்து வீழ்த்த முடியும் என்று ஒன்பது வயதுக் குழந்தையை நம்ப வைப்பது அவளை ஆபத்தில் தள்ளுவது.

சிலம்பம் இந்த வயதுக்கு ஏற்றது. இரண்டு கையும் இரண்டு காலும் சமமாக வேலை செய்யும், தலையில் அடி வாங்கும் பயிற்சி கிடையாது. எங்கே அனுப்பினாலும் வகுப்பு நடக்கும்போது பெற்றோர் உட்கார்ந்து பார்க்க விடுகிறார்களா என்று கேளுங்கள். விடவில்லை என்றால் அடுத்த இடம் தேடுங்கள். அதற்கு எந்தக் காரணமும் சமாதானம் ஆகாது.

ஓஸ்:
இந்த ஒரு விஷயத்துல காலடி அக்காவோட முழுசா ஒத்துப்போறேன். எங்க டோஜோல பெஞ்சு போட்டிருக்கோம். அம்மாக்கள் உட்கார்ந்து பார்த்து, கடைசியில ரெண்டு பேர் அவங்களே யூனிஃபார்ம் வாங்கிட்டாங்க.

ஆனா ஆரம்பக் கேள்விக்கு யாரும் நேரா பதில் சொல்லலை. பழைய கிளவுஸ் அண்ணன் ஆயுசு முழுக்க உழைச்சவர், சரி. போர்டு எழுதுறவங்க எல்லாரும் அப்படியா? ஒரு வாரம் யூடியூப் பார்த்துட்டு முவாய் தாய்னு எழுதினா பெரம்பூர்க்காரனுக்கு எப்படித் தெரியும்?

பழைய கிளவுஸ்:
நியாயமான கேள்வி. நான் பார்க்கிறது இதுதான். ஒவ்வொண்ணையும் யார்கிட்ட கத்துக்கிட்டீங்கன்னு கேளுங்க. உண்மையா கத்துக்கிட்டவன் பேரைச் சொல்றதோட நிறுத்த மாட்டான், அவர் எப்படித் திட்டுவார், எங்க அடிப்பார்னு அரை மணி நேரம் பேசுவான். போர்டு மட்டும் எழுதினவன் ஃபிரேம் போட்ட சர்டிஃபிகேட்டைக் காட்டுவான்.

அப்புறம் மாஸ்டரைப் பார்க்காதீங்க, அவர்கிட்ட கொஞ்ச வருஷம் இருந்த பசங்களைப் பாருங்க. அவர் பாக்ஸிங்ல வந்தவர்னா பசங்க ஜாப் போட்டு கை தாடைக்குத் திரும்புதா? முவாய் தாய் கிளாஸ்ல அதே பசங்க முன்காலை லேசா வெச்சு நிக்கிறாங்களா? ரெண்டு கிளாஸ்லயும் ஒரே மாதிரி நின்னா அவருக்கு ஒரு கலைதான் தெரியும், மத்தது பேர் மட்டும். இதை யார் வேணும்னாலும் பார்த்துக் கண்டுபிடிக்கலாம், பெல்ட் தேவையில்லை.

முதல் நாளே அஞ்சையும் கலந்து குடுத்தார்னா வேணாம். எனக்கு முட்டி தேய்ஞ்சுபோச்சு, இப்ப உதை எல்லாம் இடுப்புக்குக் கீழதான். இருந்தும் வாரத்துல ஒரு நாள் என்னைவிட வயசுல சின்ன ஒரு ஜூஜிட்ஸு (தரைச் சண்டை) கோச்கிட்ட போய்ப் படுத்து உருண்டுட்டு வர்றேன். உங்க மாஸ்டர் இப்ப யார்கிட்டயாவது கத்துக்கிறாரான்னு கேட்டுப் பாருங்க.

சும்மா வந்தேன்:
தரைச் சண்டை போர்டுல வராதுன்னு சொன்னீங்க, கடைசியில அதுவும் ஓடிக்கிட்டிருக்கு!

பெரம்பூர்க்காரன்:
ஞாயித்துக்கிழமை போய் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்து பார்த்தேன், அவரும் விட்டார். பாக்ஸிங் பேட்ச் முதல்ல. ஒரு பையன் ஜாப் போட்டு கையை இறக்கினான், மாஸ்டர் ஃபோகஸ் பேடால (குத்து வாங்க கையில மாட்டுற மெத்தை) கன்னத்துல லேசா தட்டினார். பழைய கிளவுஸ் சார் எழுதினது ஞாபகம் வந்து எனக்குச் சிரிப்பு. அடுத்து முவாய் தாய் பேட்ச், ஆளுங்க பாதி பேர் அதே ஆளுங்க, ஆனா நிக்கிற விதமே வேற. சிலம்பத்துக்கு அவர் சொல்லித் தர்றதில்லை, வியாசர்பாடியில இருந்து ஒரு ஆசான் வர்றார். போர்டுல பேர் இருக்கு, அவ்வளவுதான். இவர் அந்த கிளாஸ்ல கடைசி வரிசையில நின்னு கம்பு சுத்தறார்.

யார்கிட்ட கத்துக்கிட்டீங்கன்னு கேட்டேன். என் டீ ஆறிப்போச்சு.

திங்கள், புதன், வெள்ளி காலையில பாக்ஸிங் மட்டும், ஒரு வருஷம் கழிச்சு மத்ததைப் பேசலாம்னு சொல்லிட்டார். கராத்தே காதா எல்லாம் மறந்துடணுமான்னு கேட்டதுக்கு, "எதுக்கு மறக்கணும், வீட்ல பண்ணு, இங்க பண்ணாதே"ன்னார். ஓஸ் சார், திட்டாதீங்க.

இப்ப கிளவுஸ் வாங்கணும். எத்தனை அவுன்ஸ்? பெரியமேட்டுல வாங்கலாமா, ஆன்லைனா?

ஓஸ்:
வீட்ல பண்ணச் சொன்னவரை நான் ஏன் திட்டணும்? காதாவை வீடியோ எடுத்து அனுப்புங்க, கையை நான் திருத்தறேன்.

பழைய கிளவுஸ்:
கிளவுஸ் இப்பவே வேணாம் தம்பி. முதல் கொஞ்ச வாரம் நிழல் குத்தும் கால் வேலையும்தான் குடுப்பார். ராப் (கிளவுஸுக்கு உள்ள கையில சுத்துற துணிப்பட்டை) மட்டும் வாங்கு, 4.5 மீட்டர் நீளம், ரெண்டு ஜோடி. குட்டை ராப் வாங்காதே, மணிக்கட்டுக்குப் பத்தாது. தொங்குற குத்துப்பையில குத்த ஆரம்பிக்கும்போது 12 அவுன்ஸ், ஸ்பாரிங்குக்கு 16. பெரியமேட்டுல நேர்ல போய் கை விட்டுப் பார்த்து வாங்கு. கட்டை விரல் கிளவுஸோட சேர்த்துத் தைச்சிருக்கணும், தனியா தொங்கக்கூடாது. மீரட், ஜலந்தர் சரக்கே நல்லா உழைக்கும், வெளிநாட்டு பிராண்ட் தேவையில்லை.

எலும்பு வைத்தியர்:
இன்னொண்ணு. மெட்ராஸ் புழுக்கத்துல ஈர கிளவுஸைப் பைக்குள்ள போட்டு மூடி வைக்காதீங்க. என் ஃபிரெண்ட் தோல் டாக்டர், படர்தாமரையோட வர்ற ஜிம் பசங்களைப் பார்த்தே வீடு கட்டிட்டார். அடுத்தவங்க கிளவுஸை வாங்கிப் போடவும் வேணாம்.

சும்மா வந்தேன்:
ராப்பை வாஷிங் மெஷின்ல போடலாமா? எங்க வீட்டு மெஷின்ல போட்டு அம்மா புடவையோட முடிச்சு விழுந்து ஒரே ரகளை.

காலடி:
சுருட்டி வலைப்பையில் போட்டு, பையின் வாயைக் கட்டி, பிறகு போடுங்கள். வெயிலில் கொடியில் நீளமாகத் தொங்கவிடுங்கள்.